செருமானியப் பேழைக்குப் பால் பூசியவன்

பீடோர்ப் பள்ளியில் நான் ஆசிரியப் பணி ஏற்ற நாளைப் பற்றி இந்தக் கிழமை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதனை ஒத்திவைக்க வேண்டியதாயிற்று. ஈப்போவில் எங்கள் சங்க நூலகத்தில் உள்ள செருமானிய நூல்களைக் குறித்து ஒரு பொய், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக உலவி வருகிறது. அது கையெழுத்தில் சுவரில் தொங்கியது. அச்சேறி வீடுகளுக்கும் போயிருக்கிறது. அதை எழுதியவன் உயிரோடிருக்கையிலேயே அது திருத்தப்பட வேண்டும். அவனுக்கு அகவை எண்பத்திரண்டு. காலம் தாழ்த்த இயலாது.

திறவாத நூல்

சென்ற ஆண்டு, மழைக்காலத்தில் ஒரு காலைப்பொழுது. நூலக மேசைமேல் பச்சைத் துணியட்டையிட்ட தடித்த நூலொன்று கிடந்தது. அதன் முதுகு முழுவதும் கருந்தேன் நிறத்தில் ஏதோ உறைந்து மின்னிக்கொண்டிருந்தது. நந்தினி அதனை மெல்லத் தூக்கினார். அதனோடு ஒட்டிக்கொண்டு பக்கத்து நூலும் எழுந்து வந்தது. அதன் பின்னே மூன்றாவதும் வந்தது.

நந்தினி தலைநகரில் ஓர் ஆவணக் காப்பகத்தில் பழைய நூல்களைச் செப்பனிடுபவர். அக்கலையைச் செருமனியில் ஈராண்டு பயின்றவர், அம்மொழியும் அறிந்தவர். அந்நூல்களை அடுக்கி வைத்திருந்த எங்கள் பேழையைப் பார்வையிட அவரை வரவழைத்தவர் சங்கச் செயலாளர் குணசீலன். குணசீலன் நல்லவர், ஆனால் பொறுமை குறைந்தவர்.

“செங்கல்லு மாதிரி இருக்குலா,” என்றார் குணசீலன். “மிஸ், நேராவே கேக்குறேன். இது தேறுமா, தேறாதா? அடுத்த மாசம் கூட்டம். இந்த ரூம்ல பதினஞ்சு கம்ப்யூட்டர் வருது. தேறாதுன்னா சொல்லிருங்க, பேப்பர் லாமா லாரிக்காரனக் கூப்பிட்டுருவேன்.”

பழந்தாள் வாங்கும் அந்த லாரி செவ்வாய்தோறும் எங்கள் தெருவழியே ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு போகும். அன்றும் செவ்வாய்க்கிழமைதான்.

“புத்தகம் திறக்கணும் அண்ணே,” என்றார் நந்தினி. “திறந்தாதான் படம் எடுக்க முடியும், பட்டியல் போட முடியும். பட்டியல்ல ஏறிட்டா இங்கேயே வைக்கலாம். நல்ல அல்மாரி நாங்களே தாரோம். திறக்காத புத்தகத்த என்னன்னு எழுதுறது?”

பிறகு அவர் பேழையின் பக்கத்தில் தொங்கிய அட்டையைப் படித்தார். அதில் எழுதியிருந்தது இது: ‘இந்நூல்கள் தோட்டத்தில் இருந்த காலத்தில், தொழிலாளர்தம் அறியாமையால் இரப்பர்ப் பால் பூசப்பெற்றுச் சிதைவுற்றன.’

“தோட்டத்து ஆளுங்க பூசியிருக்காங்க. பாவம், தெரியாம செஞ்சிருப்பாங்க,” என்று சொல்லிக்கொண்டே தம் குறிப்பேட்டில் எழுதலானார்.

கூடத்தின் மூலையில் துடைப்பத்தின் ஓசை நின்றது.

“அது தோட்டத்து ஆளு செஞ்ச வேலை இல்ல மிஸ்.”

சொன்னவர் அஞ்சலை. பதினோராண்டுகளாக நூலகத்தைக் கூட்டித் துடைத்துப் பேணுபவர். அதற்கு முன்னர்ச் செமோர்ப் பக்கம் இரப்பர்த் தோட்டத்தில் மரம் வெட்டியவர், அஃதாவது பட்டையைக் கீறிப் பால் இறக்கியவர்.

“முப்பத்தோரு வருசம் மரம் வெட்டுனவ நான். பாலு காஞ்சா கறுக்கும், அப்புறம் பிசுபிசுங்கும், அப்புறம் கல்லாயிரும். சட்டையில ஒரு சொட்டு பட்டா அந்தச் சட்டை போச்சு. சின்னப் புள்ளைக்கும் தெரியும்லா. மரம் வெட்டுறவன் புத்தகத்துல பால் பூசுவானா? தலையில பூசிக்கிட்டாலும் பூசிக்குவான்!”

குணசீலன் உரக்கச் சிரித்தார். நந்தினியும் சிரித்தார். எழுதுகோல் மட்டும் குறிப்பேட்டின்மேல் தயங்கி நின்றது.

நான் சிரிக்கவில்லை.

நூல்கள் வந்த வழி

இவ்விடத்தில் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

என் தந்தையார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, செமோருக்கு அப்பாலிருந்த ஓர் இரப்பர்த் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அஃதாவது தலைமை எழுத்தராகப் பணியாற்றியவர். அத்தோட்டத்தின் மேலாளர் மாளிகையில், முதல் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில், செருமானியர் ஒருவர் தங்கியிருந்தாராம். மரஞ்செடிகளை ஆராய்ந்தவர் என்பர். போர் தொடங்கியதும் அவரைப் பிடித்துக்கொண்டு போயினர். அவர் மீண்டு வரவில்லை. அவருடைய நூல்கள் மட்டும் மாளிகையில் தங்கிவிட்டன.

மேலாளர்கள் மாறினர், நூல்கள் மாறவில்லை. தோட்டம் கைமாறிய காலத்தில் கடைசி வெள்ளைக்கார மேலாளர் அவற்றை எரித்துவிடுமாறு என் தந்தையாரிடம் சொன்னார். மேலாளர் சொல்லை என் தந்தையார் மீறியது அந்த ஒரு முறைதான் என்று நினைக்கிறேன். பால் ஏற்றும் லாரியில், பீப்பாய்களுக்கு நடுவே நூல்களை அடுக்கி, ஈப்போவுக்கு அனுப்பிவிட்டார்.

அவருக்குச் செருமானியம் ஓர் எழுத்தும் தெரியாது. ஆயினும் ஞாயிறுதோறும் மாளிகையின் பின்கட்டில் நின்றபடியே வண்ணத்துப்பூச்சிப் படங்கள் நிறைந்த ஒரு நூலைப் புரட்டுவார். ஒவ்வொரு படத்தின்மேலும் மூடியிருந்த மெல்லிய தாளை இரு விரல்களால் தூக்கி, பார்த்து, மீண்டும் மூடுவார். அத்தாளின் சலசலப்பு இன்றும் என் காதில் இருக்கிறது.

நூல்கள் நூலகத்துக்கு வந்தபோது நான் அங்கே மதிப்புறு நூலகர். இருபத்து நான்கு அகவை. பீடோரிலிருந்து வார இறுதிதோறும் பேருந்தில் வருவேன். தமிழ் கற்றவன் என்னும் செருக்கு நிறைய இருந்தது.

படிக்க இயலாத நூலுக்குப் பட்டியல் எழுதுவது எங்ஙனம்? அவ்வெழுத்துகளோ முள்வேலியைப் போல் நெருங்கிப் பின்னியிருந்தன. ஆகவே நான் நிறத்தாலும் பருமனாலும் எழுதினேன். ‘பச்சை, தடித்தது, இலைப் படங்கள்.’ ‘சிவப்பு, மெலிந்தது, படமில்லை.’ ‘நீலம், சுரங்கப் படம்; ஒருகால் ஈயம் பற்றியதாகலாம்.’ நந்தினி அப்பட்டியலைப் படித்துவிட்டு, “சார், துணிக்கடை ஸ்டாக் புக்கு மாதிரி இருக்கு,” என்றார்.

ஆண்டுக்கொருமுறை, கலைமகள் பூசையன்று, அவற்றுள் ஒன்றை எடுத்துப் பூசையில் வைப்போம். எம்மொழியாயினும் கல்விதானே என்பது அன்றைய தலைவரின் கருத்து. சில நூல்களின் அட்டையில் சந்தனப் பொட்டின் மஞ்சள் வட்டம் இன்றும் இருக்கிறது.

என் அறிவுடைமை

நூல்களின் முதுகுகள் கிழிந்திருந்தன. கஞ்சிப் பசையிட்டால் கரப்பானும் இராமபாணப் பூச்சியும் வரும் என்பதை நான் அறிவேன். பூச்சி தொடாத பசை எது என்று சிந்தித்தேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு விடை உடனே தோன்றியது. உறையாதிருக்க மருந்து கலந்த இரப்பர்ப் பால் ஒரு புட்டி வாங்கி வந்தேன். தூரிகை கொண்டு, முதுகுதோறும் நேர்த்தியாகப் பூசினேன். பூசிய பால் காயுமுன் எண் எழுதிய சீட்டுகளை அதன்மேலேயே ஒட்டினேன்.

வெண்ணிறமாக, வழவழப்பாக, மிக அழகாக இருந்தது. வந்தவர் எல்லாரும் பாராட்டினர்.

தோட்டத்தில் வளர்ந்தேன் என்றேன். ஆனால் கிராணி வீட்டில் வளர்ந்தேன். பால் மரத்திலிருந்து மங்கு என்னும் கிண்ணத்தில் சொட்டுவதைப் பார்த்திருக்கிறேன்; அந்த மங்கைக் கழுவியதில்லை. பால் பட்ட சட்டையை என் வீட்டில் எவரும் அணிந்ததில்லை. காய்ந்த பால் என்னவாகும் என்பது தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளில் குழந்தைகளும் அறிந்த செய்தி. எனக்குத் தெரியவில்லை.

சில ஆண்டுகளில் வெண்மை பழுப்பாகி, பழுப்பு கறுத்தது. நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டின. பினாங்கிலிருந்து வந்த விரிவுரையாளர் ஒருவர், “இதை யார் இப்படிச் செய்தது?” என்று பலர் நடுவே கேட்டார். “தோட்டத்துத் தொழிலாளர்கள்,” என்றேன். நாவில் வந்த பொய் அத்தோடு காற்றில் கலந்திருக்கும். ஆனால் அவர் அதைக் குறிப்பு அட்டையாக எழுதித் தொங்கவிடச் சொன்னார். என் கையெழுத்து அழகானது. எழுதினேன். பின்னர் வெள்ளி விழா மலரிலும் அவ்வரி அச்சாயிற்று.

மறுநாட் காலை

அஞ்சலை பேசிய அன்று மாலை நந்தினி விடைபெறும்போது, குறிப்பேட்டைக் காட்டி, “அக்கா சொல்றதும் யோசிக்க வேண்டியதுதான். ஆனா அட்டையில எழுத்து இருக்கு, மலர்லயும் இருக்கு. நான் எழுதுறதுதான் சார் இனிமே நிக்கும். நாளைக்கு முடிச்சிருவேன்,” என்றார்.

வீட்டுக்குப் போய் என் துணைவியாரிடம் யாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டு முடித்து, “நீங்கள் பொய் எழுதினாலும் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுவியள்,” என்றார்.

மறுநாள் மூவரும் இருக்கையில் சொல்லிவிட்டேன். “அந்தப் பாலைப் பூசியவன் நான். அட்டையை எழுதியவனும் நான்.”

குணசீலன் கூரையைப் பார்த்தார். நந்தினி குறிப்பேட்டில் ஒரு வரியை அடித்தார். அஞ்சலை மட்டும் வியப்பே இல்லாமல் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

“தெரியும்லா வாத்தியாரே.”

“எப்படித் தெரியும்?”

“நம்பர் சீட்டு பாலுக்குள்ள போயி ஒட்டியிருக்கு. பால் பூசுன கையிதான் சீட்டும் ஒட்டியிருக்கு. சீட்டுல இருக்குறது உங்க எழுத்து. அட்டையில இருக்குறதும் உங்க எழுத்து. பதினொரு வருசமா அந்த அட்டைய நான்தானே தொடைக்கிறேன்?”

“பின்னர் ஏன் ஒருநாளும் கேட்கவில்லை?”

“எழுதுனது நீங்க. நீங்கதானே அழிக்கணும்?” என்றவர், உடனே நந்தினியின் பக்கம் திரும்பினார். “அத விடுங்க மிஸ். இந்தப் பால எடுக்கலாம். நான் எடுக்குறேன்.”

ஒட்டுப்பால்

மரம் வெட்டாத வாசகர்களுக்கு ஒன்று விளக்க வேண்டும். முதல் நாள் வடிந்த பாலின் எச்சம் மரத்தின் வெட்டுக் கோட்டில் உறைந்து, நாடாவைப் போல் ஒட்டியிருக்கும். அதற்கு ஒட்டுப்பால் என்று பெயர். மறுநாள் வெட்டுமுன் அதனை உரித்தெடுக்க வேண்டும். பட்டை கிழிந்தால் மரம் கெடும். அஞ்சலை நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் அதை விரலால் உரித்தவர்.

“மண்ணெண்ணெய் ஊத்தி ஊற வெச்சா வந்துராது?” என்றார் குணசீலன்.

“ஐயோ அண்ணே!” என்று பெண்கள் இருவரும் ஒருசேரக் கூவினர்.

அடுத்த நாள் அஞ்சலை ஒரு பையில் காய்ந்த ஒட்டுப்பால் உருண்டைகளைக் கொண்டு வந்தார். செமோருக்கு அருகே அவருடைய தம்பிக்கு இன்னும் சிறு தோட்டம் இருக்கிறது. “கையில பால் ஒட்டுனா சவுக்காரத்துக்குப் போவாது மிஸ். இத வெச்சு உருட்டுனா வந்துரும்,” என்று சொல்லி, ஓர் உருண்டையை நூலின் முதுகில் மெல்ல உருட்டினார். பிசுபிசுத்த கறுப்பு, துளித்துளியாகத் திரண்டு உருண்டையோடு போயிற்று. அடியில் பச்சைத் துணி தெரிந்தது. நந்தினி உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

“துணி நூல் ஒண்ணுகூடப் பிரியல,” என்றார். “அக்கா, நாங்க இதுக்கு வெளிநாட்டுலேர்ந்து ஒரு ரப்பர் வாங்குறோம். அதுவும் இப்படித்தான் இருக்கும்.”

“எவ்வளவு வெலை சொல்லுவான்? நம்மகிட்ட வாங்கச் சொல்லு.”

கல்லாகிப்போன இடங்கள்தாம் கடினம். அங்கே அஞ்சலை நகத்தின் ஓரத்தைச் செலுத்துவார். மேல்நோக்கி இழுக்காமல், பக்கவாட்டில் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பார். நாடா நாடாவாக வரும். பொன்னெழுத்துப் பொறித்த இடங்களை மட்டும் நந்தினி தாமே பார்த்துக்கொண்டார்.

என் பணி நூலைப் பிடித்துக்கொள்வது. ஒருமுறை நானும் உரித்துப் பார்த்தேன். ஒரு விரலகலத் துணி என் கையோடு வந்துவிட்டது.

“வாத்தியாரே, நீங்க பிடிங்க, போதும். ஏற்கனவே ஒரு தடவ கை வெச்சிட்டீங்கலா.”

மூன்று கிழமைகள், காலைதோறும் இவ்வாறு கழிந்தன. நாளுக்கு நான்கு நூல், ஐந்து நூல். ஒருநாள் நந்தினி எனக்கு ஆறுதல் சொல்வது போல், “சார், ஒரு நல்லது. பால் பூசுன முதுகுல மட்டும் பூச்சி நுழையவே இல்ல,” என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“அதுக்குன்னு சந்தோசப்பட வேணாம்,” என்றார் அஞ்சலை, தலை நிமிராமலே.

மீன்முள் வெட்டு

கூட்டத்துக்கு முந்திய நாள், எல்லாவற்றிலும் தடித்த அந்தப் பச்சை நூல் திறந்தது. முதலில் ஒரு முனகல். பிறகு அட்டை தானே விழுந்தது. நூறாண்டுக்கு முந்திய தாளின் மணம், சிறிது புகையிலையைப் போல, எழுந்தது. வண்ணப் படம் ஒன்று. அதன்மேல் மெல்லிய தாள். நான் இரு விரல்களால் அதைத் தூக்கினேன். அதே சலசலப்பு.

படத்தில் ஓர் இரப்பர் மரம். நடுவே நெடுக ஒரு கோடு. இரு பக்கமும் சாய்வாகப் பல வெட்டுகள்.

அஞ்சலை குனிந்து பார்த்தார். அவர் முகம் சுருங்கியது. “யாரு இவன், மீன் முள்ளாட்டம் வெட்டி வெச்சிருக்கான்? இத்தன வெட்டுப் போட்டா மரம் தாங்குமா? கங்காணி பார்த்தா அன்னைக்கே பேர வெட்டி, கூலி இல்லன்னுருவாரு!”

நந்தினி படத்தின் கீழிருந்த வரிகளைப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்தது. “அக்கா, அந்தக் காலத்துல இப்படித்தான் வெட்டுனாங்களாம். இந்த ஆளும் நீங்க சொல்றததான் எழுதியிருக்காரு. வெட்டு அதிகம், மரம் களைச்சிப் போவுதுன்னு.”

“பரவால்ல,” என்றார் அஞ்சலை. “படிச்ச மனுசன்தான்.”

மறுநாள் கூட்டத்தில் குணசீலன் கேட்டது ஒரே கேள்வி: “திறக்குதா?” நந்தினி பச்சை நூலை மேசைமேல் வைத்துத் திறந்தார். செயற்குழுவினர் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டனர். குணசீலன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, படத்தின் ஓரத்தை ஒரு விரலால் தொட்டார்.

“சரிலா,” என்றார். “கம்ப்யூட்டர் மேசைய அந்தச் சுவரோரம் தள்ளிக்கலாம்.”

பதினொரு நூல்கள் திறக்கவில்லை. அவையும் பட்டியலில் ஏறியிருக்கின்றன, ‘திறவாதவை’ என்று. அஞ்சலை அவற்றைக் கைவிடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஒன்றை எடுத்து உட்கார்கிறார். இதை எழுதும் நாளில் அப்பதினொன்று ஒன்பதாகியிருக்கிறது. புதிய பேழை ஈப்போவிலேயே, அதே அறையில் நிற்கிறது. பிள்ளைகள் கணினியிலிருந்து தலை திருப்பினால் வண்ணத்துப்பூச்சிகளைக் காணலாம்.

புதிய அட்டை

பழைய அட்டையைக் கழற்றிவிட்டுப் புதியதொன்று எழுத அமர்ந்தேன். ‘இந்நூற்றொகுதிக்கு நேர்ந்த சிதைவு குறித்து முன்னர் எழுதப்பெற்ற குறிப்பு மெய்ம்மைக்கு மாறானது என்பதனை...’ என்று தொடங்கினேன். அஞ்சலை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

“இத யாரு வாத்தியாரே நின்னு படிப்பா? நேரா எழுதுங்க.”

நேராக எழுதினேன். ‘பால் பூசியவன் அருளம்பலம். பால் எடுத்தவர் அஞ்சலை.’

“எங்கப்பா பேரையும் சேத்துக்குங்க. மாரிமுத்து.”

“அவரும் மரம் வெட்டியவரா?”

“என்ன வாத்தியாரே இப்படிக் கேக்குறீங்க? உங்கப்பா கிராணியா இருந்த தோட்டம்தானே எங்க தோட்டம். நீங்க வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு சைக்கிள்ல போவீங்க, நாங்க லயத்துலேர்ந்து பார்ப்போம்.”

செமோர்ப் பக்கம் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். எந்தத் தோட்டம் என்று பதினோராண்டுகளில் நான் ஒருமுறையும் கேட்டதில்லை. என் அட்டை சொன்ன ‘தொழிலாளர்’ யாரோ அல்லர். அதைத் துடைத்தவர் தம் தந்தையின்மேல் நான் சுமத்திய பழியை நாள்தோறும் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இப்போது அட்டையில் ‘அஞ்சலை மாரிமுத்து’ என்றிருக்கிறது. எழுத்து வழக்கத்தினும் சற்றுப் பெரிது. அவர்தாம் பெரிதாக எழுதச் சொன்னார்.

இக்குறிப்பில் பிழைகள் இருத்தல் கூடும். செருமானியர் மாளிகையில் தங்கிய காலமும், தோட்டம் கைமாறிய ஆண்டும் என் நினைவிலிருந்து எழுதியவை. அச்செருமானியரின் பெயரை அறிந்தவர் இருப்பின் தெரிவியுங்கள். நூல்களில் இரண்டு முதலெழுத்துகள் மட்டுமே உள்ளன. நான் தவறியவிடத்துத் தயங்காது திருத்துங்கள்.

ஒரு திருத்தத்தை மட்டும் உங்கள் வீட்டிலேயே செய்தல் வேண்டும். எங்கள் சங்கத்தின் வெள்ளி விழா மலர் பேராக்கில் பல வீடுகளில் இன்னும் இருக்கும். நூலகத்தைப் பற்றிய பக்கத்தை எடுங்கள். ‘தொழிலாளர்தம் அறியாமையால்’ என்னும் சொற்களை அடித்துவிட்டு, மேலே என் பெயரை எழுதுங்கள். என் படியில் நான் எழுதிவிட்டேன். மையால் எழுதுங்கள், பென்சில் வேண்டா.